பிகோனியா: இலையா, தண்டா?

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் பிகோனியா என்ற அழகுச் செடிக்கு எமன் குளிர் அல்ல, ஈரம்தான். தாய்ச்செடி அழுகினாலும் வம்சம் தப்ப, மே மாதமே கன்று எடுத்துவிடுவேன்.

வண்ண இலைகளுக்காக வளர்க்கும் ரெக்ஸ் வகையில் கன்று எடுக்க ஓர் இலை போதும். இலையின் அடிப்புறத்துப் பெரிய நரம்புகளைப் பிளேடால் குறுக்கே கீறி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த ஈரத் தட்டில், கீறிய பக்கம் படியும்படி வைக்க வேண்டும். சில வாரங்களில் கீறல்களில் வேர் பிடிக்கும். பிறகு நகத்தளவு குட்டி இலைகள் சுருண்டபடி எழும். ஒரே இலையில் ஐந்தாறு கன்றுகள்! அந்த அழகுக்காகவே காத்திருக்கலாம். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் இலை கூழாகிவிடும், கவனம்.

மூங்கில்போல் கணுவிட்டு உயரும் ஏஞ்சல் விங் வகைக்குத் தண்டுதான். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய 4 அங்குலத் துண்டு, டம்ளர் தண்ணீரிலேயே வேர்விடும். இதன் வெறும் இலையை நட்டால் வேர் வரும், கன்று வராது.