லாங் பீச் அருகே ஒரு பழைய பிஎம்எக்ஸ் சந்தை: காட்சியைவிடக் கடைகளுக்கே கூடுதல் மதிப்பெண்

தென் கலிபோர்னியாவில், லாங் பீச் நகரை ஒட்டிய ஒரு பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில், மண்தடப் பந்தயத்துக்கென்று வந்த சிறு சக்கரச் சைக்கிள்களான பழைய பிஎம்எக்ஸ்களைச் சேகரிப்பவர்கள் ஒன்றுகூடிக் காட்சியும் பண்டமாற்றுச் சந்தையும் நடத்துகிறார்கள். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஆர்வலர்கள் சிலர் அனுமதி வாங்கி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, வருகிறவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பார்வையாளருக்குக் கட்டணம் கிடையாது. கடை விரிப்பவர் ஓர் இடத்துக்கு 20 டாலர் தர வேண்டும். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே போய்ச் சேர்ந்தேன். அதுவே தாமதம் என்பது போனபிறகுதான் தெரிந்தது. விற்க வந்தவர்களின் வண்டிக் கதவு திறக்கும்போதே கைவிளக்கை அடித்துப் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். நல்ல சரக்கில் ஒரு பகுதி சூரியன் எழும் முன்பே கைமாறியிருந்தது.

இந்தச் சந்தை இந்த ஊர்ப்பக்கம் கூடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1963இல் ஷ்வின் நிறுவனம் இருபது அங்குலச் சக்கரமும், நீண்ட வாழைப்பழ வடிவ இருக்கையும், உயர்ந்த ஹேண்டில்பாருமாக ஸ்டிங்-ரே சைக்கிளை வெளியிட்டபோது, அதை மண்மேட்டின் மேலிருந்து பாய்ச்சுவார்கள் என்று யாரும் எண்ணிச் செய்யவில்லை. மண்தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தய வீரர்களைப் பார்த்து ஆசைப்பட்ட கலிபோர்னியச் சிறுவர்கள் அதைத்தான் காலி மனைகளில் ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். 1970இல் லாங் பீச்சில் அப்படியொரு மனையில் பந்தயங்களை ஒழுங்குபடுத்தி நடத்தத் தொடங்கியவர், அப்போது பதின்வயதின் தொடக்கத்தில் இருந்த ஸ்காட் பிரைட்ஹாப்ட். பின்னாளில், 1977இல், எஸ்இ ரேசிங் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. வீட்டுத் தெருவில் ஓட்டச் செய்த சைக்கிளைப் பந்தயத்தில் ஓட்டினால் சக்கரம் நெளியும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் வளையும், ஃபிரேம் கழுத்தில் முறியும். இந்த உடைசலிலிருந்துதான் ஒரு தொழிலே முளைத்தது. சிமி வேலியில் ஸ்கிப் ஹெஸ் 1974இல் மங்கூஸைத் தொடங்கியது, நெளியாத மோட்டோமேக் என்ற வார்ப்புச் சக்கரத்தை விற்பதற்காக. ரெட்லைன் நிறுவனத்தின் லின் காஸ்டன் குழாய்களை வெல்டிங் செய்து வலுவான ஃபோர்க் செய்தார். நேர்கோட்டில் சீறும் டிராக் பந்தயக் கார்களின் சட்டங்களைச் செய்து பழகிய கேரி டர்னர் தன் மகனுக்காகச் செய்த ஃபிரேமிலிருந்து ஜிடி நிறுவனம் வளர்ந்தது. வரிசையாக நின்ற சைக்கிள்களை இந்தக் கதை தெரிந்து பார்த்தால், அவற்றில் அழகுக்காகச் செய்யப்பட்டது மிகக் குறைவு என்பதும், ஒவ்வொரு வளைவும் ஒட்டுத்தகடும் முன்பு எங்கோ முறிந்ததற்கான பதில் என்பதும் புரியும்.

காட்சிப் பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் நின்றன. எஸ்இ ரேசிங்கின் பிகே ரிப்பர் மட்டும் ஏழெட்டு இருக்கும். பெர்ரி கிரேமர் என்ற பந்தய வீரரின் பெயரெழுத்துகளைத் தாங்கிய அந்த அலுமினிய ஃபிரேமின் குழாய்கள், உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாகத் தட்டையாக்கப்பட்டவை. கையை ஓட்டிப் பார்த்தால் மீனின் விலாவைத் தடவுவது போலிருக்கும். 1982இல் வெளியான ‘ஈ.டி.’ என்ற வேற்றுலகவாசிப் படத்தில் சிறுவர்கள் ஓட்டிய, ஒசாகாவைச் சேர்ந்த குவஹாரா சைக்கிளைச் சுற்றித்தான் குடும்பத்தோடு வந்தவர்களின் கூட்டம் நின்றது. முன்கூடையோடு வைத்திருந்ததால் குழந்தைகளுக்கும் அது உடனே பிடிபட்டது. நான் அதிக நேரம் நின்றது ஒரு ஹேரோ ஃப்ரீஸ்டைலரின் முன்னால். பந்தய எண் பலகைகளை வீட்டிலேயே வெட்டி விற்றுத் தொழிலைத் தொடங்கிய பாப் ஹேரோ, பந்தயத்தை விட்டு வித்தைகளுக்கென்றே 1982இல் கொண்டுவந்த ஃபிரேம் அது. அதன் உரிமையாளர், கேட்டவர்க்கெல்லாம் சலிக்காமல் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் பரிசு கொடுத்த முறை சரியில்லை. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பிடித்த சைக்கிளின் எண்ணை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். இப்படிச் செய்தால் பளபளப்புதான் வெல்லும், அன்றும் அதுவே வென்றது. புதிதாகக் குரோம் பூசி, ஸ்டிக்கர் முதல் பெடல் வரை எல்லாம் மாற்றப்பட்ட ஒரு சைக்கிள் முதற்பரிசைத் தட்டிச் சென்றது. இரண்டு இடம் தள்ளி, ஒரே வீட்டில் நாற்பது ஆண்டுகள் இருந்து, பிடி தேய்ந்து, வெள்ளை நைலான் சக்கரங்கள் பழுத்து மஞ்சளாகி, அக்காலப் பந்தய எண் பலகையோடு நின்ற ஒரு டயமண்ட் பேக் சைக்கிளை அநேகர் ஏறிட்டும் பார்க்கவில்லை. சேகரிப்பவர்கள் தங்களுக்குள் ‘சர்வைவர்’ என்று மரியாதையாகச் சொல்லும் இந்த வகைக்குத் தனிப் பரிசு வைக்காதது பெரிய குறை. பழையதைப் புதுப்பிப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குரோம் பூசுவதற்கு முன் குழாயைத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க, அடியில் குத்தப்பட்ட வரிசை எண் மழுங்கிப்போகும். அந்த எண் போனால் சைக்கிளின் பிறப்புச் சான்றிதழே போனதற்குச் சமம்.

கடைகளுக்கு வந்தால் கதையே வேறு. மேசை போட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் பழைய கம்பளத்தை விரித்து, பால் கூடைகளில் சாமான்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். சுகினோ பல்சக்கரங்கள், டயா-காம்பே பிரேக்குகள், அராயா ரிம்கள், டயோகா டயர்கள், கண்ணாடிக்குப் பெயர்போன ஓக்லி நிறுவனம் கண்ணாடி செய்வதற்கு முன்பு செய்து விற்ற ரப்பர்ப் பிடிகள் எல்லாம் கலந்து கிடந்தன. விலைச்சீட்டு பெரும்பாலும் இல்லை. கேட்க வேண்டும், கேட்டால், என்ன சைக்கிளுக்கு என்று திருப்பிக் கேட்பார்கள், அந்தப் பதிலை வைத்துத்தான் விலை வரும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் நம் மாட்டுச் சந்தைகளைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல இங்கும் ஒரு பார்வை உண்டு: சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு செல்லும் கூட்டின் அடியிலோ பின் சக்கரத்தின் அச்சு பொருந்தும் தகட்டிலோ உள்ள எண்ணைத் தேடி, வெல்டிங்கின் அலைவரிகளை நகத்தால் தடவி, கழுத்துக் குழாய்க்குப் பின்னால் மயிரிழை விரிசல் ஏதும் உண்டா என்று பார்க்கிறார்கள்.

அன்று நான் கற்றுக்கொண்ட பாடம், சைக்கிள் உதிரிகள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் மாதக் குறி. அக்கால ஷிமானோ உதிரிகள் பலவற்றின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். முதலெழுத்து ஆண்டையும் இரண்டாம் எழுத்து மாதத்தையும் குறிக்கும். 1976க்கு ‘ஏ’ என்று தொடங்கி ஆண்டுக்கு ஓர் எழுத்தாக ஏறும். மாதங்களுக்கும் ஜனவரி ‘ஏ’ என்று அதே கணக்கு. 1979ஆம் ஆண்டுச் சைக்கிள், ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் பேசாமல் குனிந்து பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கின் பின்புறத்தைத் துணியால் துடைத்தார். ‘ஜி, சி’ என்று இருந்தது. அதாவது 1982 மார்ச். விற்பவர் சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார். பொய் சொன்னதற்காக யாரும் கோபப்படவில்லை. கண்டுபிடித்ததற்குப் பாராட்டுப் போலத்தான் அந்தத் தள்ளுபடி இருந்தது.

மறுபதிப்புகள் விஷயத்தில் மட்டும் இவ்வளவு நல்லெண்ணத்தை எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஸ்டிக்கர்களையும் சைக்கிள் குழாய்களுக்குப் போடும் பஞ்சு உறைகளையும் இப்போது புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். எஸ்இ, குவஹாரா போன்ற நிறுவனங்களே தங்கள் புகழ்பெற்ற சைக்கிள்களைப் பின்னாளில் மீண்டும் வெளியிட்டிருக்கின்றன. ரெட்டிங் நகரின் ஸ்கைவே நிறுவனம் ஐந்து கைகள் கொண்ட டஃப் வீல் என்ற நைலான் சக்கரத்தை இன்றும் வார்க்கிறது. ஓட்டுவதற்கு வாங்குபவருக்கு இவையெல்லாம் வரப்பிரசாதம். ஆனால் எது அக்காலத்தது, எது இக்காலத்தது என்று எழுதி வைக்க வேண்டும் என ஏற்பாட்டாளர்கள் ஒரு விதி போட்டிருக்கலாம். அப்படி எழுதி வைத்த கடைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நானும் ஏமாந்தேன், பாதிப் பிழை என்னுடையது. வீட்டில் ஒரு பழைய அமெரிக்க ஃபோர்க் வைத்திருக்கிறேன். அதற்கு ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் ஒன்று தேடினேன். சிவப்பு நிறத்தில் கீறலே இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. எல்லா பிஎம்எக்ஸுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அளக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன். அக்கால ஃபோர்க்குகளில் தண்டு இறங்கும் துளை இரண்டு அளவுகளில் வரும்: ஒன்று 22.2 மி.மீ., மற்றது 21.1 மி.மீ. நான் வாங்கியது பெரியது, எனக்கு வேண்டியது சிறியது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தட்டி இறக்கவும் முடியாது. திருப்பிக் கேட்டபோது சந்தைச் சரக்குக்கு மாற்று இல்லை என்று சொல்லிவிட்டார். இதேபோல, இருபது அங்குலம் என்று ஒரே பெயரில் விற்கும் டயர்களிலும் 406, 451 மி.மீ. என இரண்டு விட்டங்கள் உண்டு. எடை குறைந்த சிறுவர்களுக்காகச் செய்த ஒல்லி டயர்கள் பிந்தைய அளவைச் சேர்ந்தவை, ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. அளவுக் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்கள்.

மற்ற வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டாக்கோ என்ற மெக்சிகோ உணவு விற்கும் ஒரே ஒரு வண்டி, நீண்ட வரிசை. பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது. தொப்பி இல்லாமல் போகக் கூடாது. கழிப்பறை பூங்காவுடையது, சுத்தமாகவே இருந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் பலர் வந்திருந்தும், தொடாதே என்ற சொல்லைத் தவிர அவர்களுக்கு அங்கே கிடைத்தது எதுவுமில்லை. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, விழுந்து எழுந்து பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது உறுத்தும். நான்கு பழைய சைக்கிள்களை ஒரு மூலையில் ஓட்டிப் பார்க்க விட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் முகம் வேறாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் சந்தையின் போக்கு மாறுகிறது. பணம் பின்னுக்குப் போய், உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் இது இருக்கிறது என்ற பேச்சு தொடங்குகிறது. திருப்பி ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் மனமில்லாததால், காலையில் முகம் கொடுக்காதவர்களும் இறங்கி வருகிறார்கள். காலை முழுவதும் போணியே ஆகாத ஒரு பெரியவர் தம் ஜப்பானிய ஃபோர்க்குக்கு 22.2 மி.மீ. தண்டு உள்ள ஸ்டெம் தேடிக்கொண்டு என் அருகில் வந்து நின்றார். நான் கையில் வைத்திருந்ததை அளந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார். பதிலுக்குத் தம் கூடையிலிருந்து ஒரு ஜோடி ஷிமானோ கிராங்க் கைகளை எடுத்துக் கொடுத்தார். துடைத்துப் பார்த்தேன்: ‘ஈ, எச்’. 1980 ஆகஸ்ட். ஃபோர்க்குக்கு ஸ்டெம் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஐந்தரை மணிக்கே போய்விட வேண்டும்.