இரண்டு குரல், ஒரே கெய்ன் குமிழ்: ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் மாடர்ன் ஹம்பக்கர்

அக்கூஸ்டிக் கிதார் பிக்கப்களால் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவிகள்) பெயர் பெற்ற அமெரிக்க நிறுவனமான ஃபிஷ்மன், 2014ஆம் ஆண்டில் ஃப்ளூயன்ஸ் என்னும் வரிசையோடு எலெக்ட்ரிக் கிதார் பக்கம் வந்தது. அவ்வரிசையில் மெட்டல் வாசிப்பவர்கள் விரும்பும் மாடர்ன் ஹம்பக்கர் (இரைச்சலை நீக்கும் பிக்கப் வகை) இணையைப் பற்றியது இந்த மதிப்புரை. தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் செராமிக் காந்தமும் கிதாரின் கழுத்தான நெக் பக்கம் அல்நிகோ காந்தமும் கொண்ட இந்த இணையில், புஷ்-புல் குமிழ் ஒன்றை மேலே இழுத்தால் பிக்கப்பின் குரல் மாறிவிடும். இந்த வசதியைக் கொண்டாடுகிறவர்களும் சரி, இரண்டு குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று ஒதுக்குகிறவர்களும் சரி, தங்கள் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, எவ்வளவு வைத்துக் கேட்டார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் பாதி வாதம் எழுந்தே இருக்காது.

வழக்கமான பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்படுகிறது. சுற்றுகள் கூடக் கூட ஒலியின் அளவு உயரும். ஆனால் கூடவே இண்டக்டன்ஸும் உயர்ந்து, கேபிளின் கெபாசிடன்ஸோடு சேர்ந்து உண்டாகும் ஒத்ததிர்வு முனை கீழே இறங்கிவிடுவதால், உச்ச அதிர்வெண்களின் பளிச்சென்ற தன்மை குறைந்துவிடும். குரலை மாற்ற வேண்டுமானால் ஹம்பக்கரின் இரண்டு காயில்களில் (கம்பிச் சுருள்களில்) ஒன்றைத் துண்டிக்கும் காயில் ஸ்ப்ளிட் முறையை நாட வேண்டும்; அதில் ஒலியளவு சரிவதோடு, ஹம்பக்கர் எதற்காக உருவானதோ அந்த இரைச்சல் நீக்கமும் போய்விடுகிறது. ஃப்ளூயன்ஸில் கம்பிச் சுற்றே இல்லை. தகடுகளில் அச்சிடப்பட்ட காயில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் சிக்னலை 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வடிவமைக்கிறது. குமிழை இழுக்கும்போது மாறுவது இந்த மின்சுற்றுதான், காயில் அல்ல. ஆகவே இரு குரல்களிலும் இரைச்சல் ஒரே அளவில் அடங்கியே இருக்கிறது.

கெய்ன் மிகக் குறைவாக உள்ள, கரகரப்பில்லாத கிளீன் சேனலில் இரு குரல்களின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். முதல் குரல் நிறைந்த ஒலியளவோடு முன்னே வந்து நிற்கும்; நெக் பிக்கப்பின் இரண்டாம் குரல் மெலிந்து, தெளிந்து, கார்டின் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகக் காட்டும். ஆனால் இங்கேதான் காது ஏமாறும். உரத்த குரல் எப்போதும் நல்ல குரலாகத் தோன்றும் என்பதால், ஆம்பின் வால்யூமைச் சமன் செய்துவிட்டு ஒப்பிடுவதே நியாயம். அப்படிக் கேட்டபோது நெக்கின் இரண்டாம் குரலே எனக்கு உயர்வாகப் பட்டது. முதல் குரலில் பேஸ் என்னும் அடிப்பகுதி சற்றுப் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

கெய்ன் மறுகோடியில் இருக்கும்போது கதை மாறுகிறது. 12ஏஎக்ஸ்7 என்னும் வெற்றிடக் குழாய் வால்வுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த, ஆம்பின் ப்ரீஆம்பில், அலையின் தலை ஏற்கெனவே வெட்டப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் பிக்கப் எவ்வளவு தள்ளினாலும் சத்தம் உயராது; உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரெஷன்தான் கூடும். எனவே குமிழை இழுத்தாலும் ஒலியளவில் மாற்றம் தெரியாது. மிஞ்சுவது அதிர்வெண் வேறுபாடு மட்டுமே, அதுவும் டோன் குமிழில் வரும் மாற்றத்தைப் போல அல்ல. வெட்டப்படுவதற்கு முன் சிக்னலில் உள்ள அடிப்பகுதி அதிகமாக இருந்தால், அது மற்ற சுரங்களோடு கலந்து குழம்பிய டிஸ்டார்ஷனாக வெளிவரும்; பின்னால் ஆம்பின் பேஸ் குமிழைக் குறைத்தாலும் அந்தக் குழப்பம் தெளியாது. பிரிட்ஜின் இரண்டாம் குரல் பேட்டரியில்லாத பாசிவ் பிக்கப்பின் தாக்குதலை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டது. அதிக கெய்னில், தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் தந்தியில் படும் அந்தக் கணத்தில் மட்டுமே அது வேறாகக் கேட்கிறது. நீண்டு ஒலிக்கும் சுரத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஒதுக்குகிறவர்களின் குற்றச்சாட்டு இந்த இடத்தில் உண்மையே.

இந்த பிக்கப்புக்குக் கொடுக்கும் பணம் பலன் தருவது நடுவில், ஆம்பின் ஒலி கரகரப்பாக உடையலாமா வேண்டாமா என்று தயங்கும் கெய்னில். அங்கே ஒலியளவு வேறுபாடும் அதிர்வெண் வேறுபாடும் ஒருசேர வேலை செய்கின்றன: ஒரு குரலில் ஆம்ப் கிளீனாக நிற்கிறது, மறு குரலில் கரகரப்பாக உடைகிறது. ஒற்றைச் சேனல் ஆம்பை வைத்திருப்பவருக்கு, காலால் பெடலைத் தேடாமலே இரண்டாவது சேனல் கிடைத்ததற்கு இது சமம். பாடலின் பல்லவிக்கு ஒன்று, சோலோவுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. வால்யூம் குமிழும் இங்கே கைகொடுக்கிறது. பாசிவ் கிதாரில் வால்யூமைக் குறைத்தால் பளிச்சிடும் பகுதி கேபிளில் கரைந்துவிடும். இதில் ப்ரீஆம்ப் தாங்கிப் பிடிப்பதால் குறைத்த நிலையிலும் ஒலி மங்குவதில்லை. அந்த மங்கலையே விரும்பும் ப்ளூஸ்காரர்களுக்கு மட்டும் இது குறையாகப் படலாம்.

அதிக கெய்ன் வாசிப்பவர்களுக்குக் குரல் மாற்றத்தைவிடப் பெரிய ஆதாயம் இரைச்சலின்மைதான். பிக்கப் பிடிக்கும் மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் கெய்ன் சிக்னலோடு சேர்த்தே பெருக்கும். இங்கே பெருக்குவதற்கு அது மிகக் குறைவு. வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை மென்மையாக வைத்துக்கொள்ள முடிவதால், கேட் சட்டென்று மூடிச் சுரத்தின் வாலை நறுக்கும் தொல்லையும் குறைகிறது.

ஃபஸ் ஃபேஸ் போன்ற, ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய பாணி ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள் இதை வாங்குமுன் யோசிக்க வேண்டும். அப்பெடல் பாசிவ் பிக்கப்போடு நேரடியாகப் பிணைந்து இயங்குவதற்காக அமைந்தது; இடையில் ப்ரீஆம்ப் வந்தால் ஒலி கூர்மையாகவும் எரிச்சலூட்டுவதாகவும் மாறும். கிதாரில் உள்ள 500 கிலோஓம் குமிழ்களுக்குப் பதிலாக 25 கிலோஓம் குமிழ்களைப் பொருத்த வேண்டும், பேட்டரிக்கு உள்ளே இடமும் வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடாவிட்டால் பேட்டரி வீணாகும். முழுக்க ராக்கும் ப்ளூஸும் வாசிக்கிறவர் மாடர்னை விட்டுவிட்டு, பழைய ஹம்பக்கரின் குரலை முன்வைக்கும் கிளாசிக் இணையைக் கேட்டுப் பார்ப்பதே நல்லது.