டிட்லிவிக்கி: இஷ்டப்படி மாற்றிக்கொள்ள ஒரு சொந்த விக்கி

சொந்தக் குறிப்புகளுக்கு ஒரு விக்கி (ஒன்றோடொன்று இணைத்த, நாமே திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுப்பு) வேண்டும், அதன் தோற்றத்தையும் இஷ்டம்போல மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது டிட்லிவிக்கிதான். ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்டது, இன்றுவரை இலவசம். மொத்த விக்கியும் பிரவுசரில் திறக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல்.

இதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் டிட்லர் என்று பெயர். தீம், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்), பட்டன், பக்கத்துப் பட்டை எல்லாமே அதே வகை டிட்லர்தான். புதிதாக ஒரு டிட்லர் திறந்து, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் நாலு வரி எழுதி, ஸ்டைல்ஷீட் டேக் போட்டு முடித்தால் அந்த நொடியே பக்கம் மாறிவிடும், ரீலோட் கூட வேண்டாம். தமிழில் எழுதுபவர்கள் முதலில் தோற்ற அமைப்புகள் இருக்கும் தீம் ட்வீக்ஸில் போய் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி (கணினியில் அது இருக்க வேண்டும்), வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேலே சுழியும் கீழே காலும் நெருக்கியடிக்காமல், படிக்கவே சுகமாக இருக்கும்.

பிளகின் போடுவதும் சுலபம்: அதிகாரபூர்வ தளத்திலிருந்து இழுத்து உங்கள் விக்கியில் போட்டு, சேமித்து, ரீலோட் செய்தால் சரி. எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், எழுதும் பெட்டியை மேம்படுத்தும் கோட்மிரர் இரண்டும் நல்லவை. கணிதச் சமன்பாடு எழுதாதவர்கள் அதற்கான கேடெக்ஸ் பிளகினைத் தொட வேண்டாம், அது எழுத்துருக்களையும் கூட்டிக்கொண்டு வந்து ஃபைலைப் பெருக்க வைத்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விக்கியோடும் பிளகினோடும் சேர்ந்தே வரும் மூல டிட்லரை, அதாவது நிழல் டிட்லரைத் திருத்தினால் உங்கள் பிரதி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதை அழித்தால் பழையது திரும்பிவிடும், அதுவரை நல்லதுதான். ஆனால் புதிய பதிப்புக்கு மாறும்போதும் உங்கள் பிரதியே மேலே நிற்பதால், அந்த இடத்தில் வந்த திருத்தங்கள் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் ஏதோ ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதுதான். ஆகவே முடிந்தவரை மூலத்தைத் தொடாமல், டேக் போட்ட தனி டிட்லர்களாலேயே வேலையை முடியுங்கள். ஏதாவது பிளகின் விக்கியைத் திறக்கவே விடாமல் செய்தால், முகவரியின் கடைசியில் ஹாஷ், கோலன், சேஃப் (#:safe) சேர்த்துத் திறந்தால் பிளகின்களை ஒதுக்கிவிட்டுத் திறக்கும்.

பெரிய குறை சேமிப்புதான். பிரவுசர் அதே ஃபைலின்மேல் நேராக எழுத விடாது, ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி டவுன்லோட் ஆகும். கொஞ்சம் கட்டளை தட்டத் தெரிந்தவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்ஜேஎஸ் மூலம் ஓட்டிக்கொள்ளுங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.