தூக்கம் பார்த்து எழுப்பும் பேண்டு: இரண்டு கோடைக்குப் பிறகு

விலை குறைந்திருக்கிறதாம். காலை ரயிலில் கூட வரும் பையன்கள், "அண்ணா, நீங்க கையில கட்டியிருக்கிற பேண்டை வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காட்பாடியில் ஏறி வாலாஜா ரோடு வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடந்த அடிகளை எண்ணுவது, இதயத்துடிப்பு, போன் வந்தால் அதிர்வது எல்லாம் எந்த பேண்டிலும் உண்டு. நான் வாங்கியது அந்த அலாரத்துக்காக மட்டும். 5 மணிக்கு வைத்தால், நாலரையிலிருந்து ஐந்துக்குள் தூக்கம் லேசாக இருக்கும் நேரம் பார்த்து எழுப்பும். தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகப் போகிறது. ஆழ்ந்து தூங்கும்போது உலுக்கி எழுப்பினால்தான் தலை கனத்து, பல் துலக்கும்போதுகூடக் கண் சொக்கும். கணக்கு சரிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமே கிடையாது. மணிக்கட்டில் இரண்டு முறை மெல்ல அதிரும், அவ்வளவுதான். முன்பு போன் அலாரம் அடித்தால் குழந்தை அழும், ஹாலில் அம்மா இருமிக்கொண்டே எழுந்துவிடுவார். இப்போது நான் குளித்துக் கிளம்பும்வரை யாரும் புரண்டுகூடப் படுப்பதில்லை. "நீங்க எப்ப போனீங்கன்னே தெரியலைங்க" என்கிறாள் மனைவி.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அந்த அரை மணி நேரத்தில் இது எப்போது எழுப்பும் தெரியுமா? 4.31. இல்லையென்றால் 4.32. பந்தி விரித்ததும் முதல் ஆளாக உட்காரும் உறவினர் மாதிரி, நாலரை ஆனதும் வந்து நிற்கும்.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனை ஒட்டி மூளையின் அலைகளைப் பார்ப்பார்கள். இதற்குத் தெரிந்ததெல்லாம் கை அசைவும், பச்சை விளக்கை அடித்து எடுக்கும் நாடித்துடிப்பும்தான். அப்புறம், ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு இரவின் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். விடியற்காலையில் பெரும்பாலும் லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். அந்த நேரத்தில் லேசான தூக்கத்தைத் தேடினால் உடனே கிடைக்கத்தானே செய்யும்?

இதில் நம்ம வேலூர் வெயில் வேறு. கத்திரியில் பகலில் 40 டிகிரியைத் தாண்டி, ராத்திரியிலும் சுவர் அனலாகக் கொதிக்கும் ஊரில் யார் அசையாமல் தூங்குகிறார்கள்? கரண்டு போய் மின்விசிறி நின்றால் புரண்டு படுப்போம். பேண்டு 'லேசான தூக்கம்' என்று குறித்துக்கொள்ளும். கரண்டு போன நேரத்தை இதன் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அந்த அளவுக்குத் துல்லியம். மார்கழியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால் மட்டும் 4.50 வரை விட்டுவைக்கும். ஆனால் வீட்டுக்கடன் தவணையை நினைத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்த நேரத்தையும் தூக்கம் என்றே எழுதி, காலையில் 'நன்றாக உறங்கினீர்கள்' என்று வாழ்த்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த அரை மணியைப் பத்து நிமிடமாகக் குறைக்க என் பேண்டில் வழியில்லை. அதனால் பங்குனி பிறந்ததும் தூக்கம் பார்க்கிற வேலையை அணைத்துவிட்டு, சரியாக 5 மணிக்கு அதிரும்படி வைத்துக்கொள்கிறேன். அதற்கு பாதி விலை பேண்டே போதும். ஆகவே பையன்களே, விலை குறைந்தாலும் இதை வாங்காதீர்கள்.

போன வாரம் இதன் வார் அறுந்தது. அன்று சாயங்காலமே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அலைந்து புது வார் மாட்டிவிட்டேன். "வேணாம்னு சொல்றீங்களே, அப்ப உங்களுதைக் குடுத்துடுங்கண்ணா" என்கிறான் ஒருவன். அதெல்லாம் தர முடியாது.