டேட்டாராப்பருடன் மூன்று வருஷத்துக்கு மேல்: ஹட்டனிலிருந்து ஒரு செய்தியாளரின் அனுபவம்

தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து செய்தி எழுதுகிறேன். 2022 இல் விலைவாசி எகிறிக்கொண்டிருந்தபோது அதைப் படமாகக் காட்ட வழி தேடினேன். அப்படித்தான் டேட்டாராப்பர் கைக்கு வந்தது. எண்களை வரைபடமாக்கித் தரும் இணையக் கருவி அது; பெர்லினில் உருவாகிறது, 2012 இலிருந்து இருக்கிறது. எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டலாம், பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடும், கோடிங் தெரியத் தேவையில்லை. தலைப்பு, குறிப்பு எல்லாவற்றையும் யூனிகோட் தமிழில் எழுதலாம். கைபேசியின் அகலத்துக்கு ஏற்பப் படம் தானாகவே ஒடுங்கிக்கொள்ளும். இலவசக் கணக்கே இன்றுவரை எனக்குப் போதும்.

இந்தக் கருவியால் நான் அதிகம் கற்றுக்கொண்டது சம்பளப் படத்தில்தான். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாயானது (அடிப்படை 900, கொடுப்பனவு 100). 2024 செப்டெம்பரில் அடிப்படையே 1350 ஆனது. இரண்டு புள்ளிகளையும் போட்டேன், நடுவே நேர்கோடு விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பொய். சம்பளம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதுபோல அந்தச் சாய்வு சொன்னது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த மாதமும் இங்கே அதே 1000 ரூபாய்தான். கோட்டைப் படிக்கட்டு வடிவத்துக்கு மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. மாற்றியதும், மூன்று வருஷத்துக்கு மேல் தட்டையாகக் கிடந்துவிட்டு ஒரே நாளில் எழும்பும் கோடு வந்தது. என் செய்தியே அந்தத் தட்டையான இடத்தில்தான் இருந்தது.

படம் வெளிவந்த மறுநாள், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கோல் எடுத்தார். "தம்பி, எல்லாருக்கும் 1350 கிடைக்கிற மாதிரி போட்டிருக்கீங்க. கிலோ வராட்டி அரைப்பேர்தானே போடுறாங்க?" அவர் சொன்னது சரி. குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரை நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். வர்த்தமானியில் வரும் எண் முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, உரியது. அன்றிலிருந்து சம்பளப் படம் ஒவ்வொன்றின் கீழும் அதை எழுதிவிடுகிறேன். முடிந்தபோது நாலைந்து பேருடைய சம்பளச் சிட்டைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் படம் போடுகிறேன்.

அப்புறம் வரைபடம். அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது மண்சரிவு எச்சரிக்கையைத்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரிவுகள், இப்போது 10. என்னிடமிருந்தது பழைய 5 பிரிவு எல்லைக் கோப்பு. புதியதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து ஏற்றினேன். சொந்த எல்லைக் கோப்பை ஏற்ற முடிவது இந்தக் கருவியின் பெரிய பலம் என்பேன்.

ஆனாலும் வாசகருக்கு விளங்கவில்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவருக்கு 'டிவிசன்' (பிரிவு) என்றால் தோட்டத்தின் மேல் டிவிசன், கீழ் டிவிசன். பிரதேச செயலகத்தின் பெயர் கடிதம் எழுதும்போது மட்டும் ஞாபகத்துக்கு வருவது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத மக்கள் இவர்கள். தங்கள் தோட்டம் எந்த நிறத்துக்குள் வருகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டாமா? ஆகவே தோட்டப் பெயர்களைப் படத்தின் மேலேயே எழுதத் தொடங்கினேன்.

அச்சில் இன்னொரு சிக்கல். உள்பக்கம் கறுப்பு வெள்ளை. ஓர் இரவு பக்கம் வடிவமைக்கும் அண்ணன் கோல் எடுத்து, "தம்பி, இதுல எது சிவப்பு?" என்றார். செம்மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. அவசரமாக ஒவ்வொரு பிரிவின் மேலும் 1, 2, 3 என்று மட்ட எண்ணைப் பெரிதாகப் போட்டு அனுப்பினேன். இப்போது இணையப் பதிப்பிலும் அந்த எண்களை விட்டுவைக்கிறேன். நிற வேறுபாடு தெரியாதவர்களுக்கும் அது உதவும்.

புதிதாகத் தொடங்கும் மாவட்டச் செய்தியாளர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். முதல் படத்தை அரை மணிநேரத்தில் போட்டுவிடலாம். பக்க வடிவமைப்பு இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் நடக்கும் இடமென்றால், தமிழ்ச் சொற்களைப் படத்துக்குள்ளேயே எழுதி பிஎன்ஜி படக் கோப்பாக இறக்குங்கள். எழுத்துரு மாற்றும் வேலை மிச்சம்.

தோட்டப் பெயர்ப் பட்டியலை பஸ் நடத்துனர்களிடமும் தபால்காரர்களிடமும் கேட்டுத்தான் சேர்க்கிறேன். நோர்வூட் பிரிவு முடிந்துவிட்டது. தலவாக்கலையில் பாதி ஆகியிருக்கிறது. அடுத்த மழைக்கு முன் கொத்மலை மேற்கைத் தொட வேண்டும்.