கச்சான் காற்றில் ஒரு நிலச்சம்பங்கி

பாரிஸில் இருக்கும் என் மச்சாள், எங்கள் ஊரான திருகோணமலைக்கு வந்த ஒருவரிடம் நான்கு சின்னக் கண்ணாடிக் குழாய்களைக் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொன்றிலும் 2 மில்லிலீற்றர் வாசனைத் திரவியம். எல்லாக் கடைகளிலும் அடுக்கியிருக்கும் சென்ட் வகை அல்ல; மணத்தைத் தேடித் திரிபவர்களுக்காகவே செய்யப்படுபவை. இவற்றில் ஒரு முழுப் போத்தல் வாங்குவதென்றால் நான் முப்பது சாறி பிளவுஸாவது தைக்க வேண்டும். அதனால் அவசரப்படாமல் ஒன்றுக்கு இரண்டு நாளாக வைத்து, ஆடி மாத வெயிலில் பூசிப் பார்த்தேன்.

நான் தையல்காரி. இயந்திரத்தில் குனிந்து துணியை நகர்த்தும்போது மணிக்கட்டு மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குப் பூசியது பதினொரு மணிக்கு என்னவாகிறது, நாலு மணிக்கு எது மிஞ்சுகிறது என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். பூசுவதற்கு முன் கையை வெறும் தண்ணீரில் கழுவினேன். சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் அந்த நாட்களில் கைக்கு இல்லை. அதே திரவியத்தில் ஒரு துளியை வெள்ளைப் பொப்ளின் வெட்டுத்துணி ஒன்றிலும் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஆணியில் தொங்கவிட்டேன்.

முதல் நாள் ‘மொலிகியூல் 01’. கேசா ஷோன் என்ற ஜெர்மானியர் 2006இல் வெளியிட்டது. இதில் இருக்கும் மணப்பொருள் ஒன்றே ஒன்றுதான்: 1973இல் ஆய்வுகூடத்தில் உருவான ஐசோ ஈ சூப்பர். எனக்கு எதுவுமே மணக்கவில்லை. உதவிக்கு வரும் பிள்ளையோ வாசலிலிருந்தே “அக்கா, புதிதாகச் சீவிய பென்சில் மணக்கிறது” என்றாள். சில மணங்கள் சிலருடைய மூக்குக்கு எட்டாது; திரவியத்தில் குறையில்லை. மாலையில் இஸ்திரிப்பெட்டியின் ஆவி கையில் பட்டபோது ஒரு நொடி எனக்கும் வந்தது: உலர்ந்த மரம், வெல்வெட் துணியைத் தடவுவது போன்ற மென்மை. அடுத்த நொடி போய்விட்டது.

அடுத்தது கொம் தெ கார்சோன் என்ற நிறுவனத்தின் ‘அவிஞோன்’. 2002இல் வந்த ஐந்து தூப மணங்களில் ஒன்று. கத்தோலிக்கக் கோயிலின் தூபத்தை நினைத்துச் செய்தது. நம் வீட்டுச் சாம்பிராணியில் சிரட்டைக் கரியின் சூடும் புகையும் சேர்ந்தே வரும். இதில் கரி இல்லை, பிசின் மட்டும்தான். துணியில் அது நாள் முழுக்கக் குளிர்ந்த கல் தரை போலவே கிடந்தது. தோலில் பத்து மணிக்கெல்லாம் மிளகுக் காரம் இறங்கி, பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல இதமானது. அளவு கொடுக்க வந்த ஒரு பெண், “காலையில் பூசைக்குப் போனீர்களா?” என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் நாள்தோறும் பூச மாட்டேன். அமைதியான நாளுக்கு உரிய மணம் அது.

மூன்றாவதின் பெயரை எழுத விரும்பவில்லை. கருகிய சீனியின் இனிப்பு. குளிர் நாட்டில் கம்பளிச் சட்டைக்குமேல் நன்றாக இருக்கலாம். இங்கே தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசிய மதியம், வியர்வையோடு சேர்ந்து தொண்டை வரை திகட்டியது. கழுவிய பின்னும் இரவு வரை விடவில்லை.

கடைசியாக டிப்டீக்கின் ‘டோ சோன்’. நான் இவ்வளவு எழுதுவது இதற்காகத்தான். அந்த பாரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் வியட்நாமில் வளர்ந்தவர். டோ சோன் கடற்கரையில் கடற்காற்றோடு வந்த நிலச்சம்பங்கி மணத்தின் நினைவில் 2005இல் இதை வெளியிட்டார்கள். துணியில் சாதாரண வெள்ளைப்பூதான். தோலில் முதல் கால் மணி நேரம் பச்சைக் காம்பு கிள்ளிய வாசம். அதிலிருந்த மெல்லிய புளிப்பு சூட்டில் சட்டென்று பறந்தது. பிறகு பூ விரிந்தது. கலியாண மாலையை இரவு கழற்றி நாற்காலியில் போட்டிருப்பார்களே, அந்த அறையின் மணம், அதே வெண்ணெய்க் கனம். பதினொரு மணிக்கு வியர்த்தபோது கெடும் என்று நினைத்தேன். கெடவில்லை. வியர்வையின் உப்பு அந்தக் கனத்தைக் குறைத்து, பூவைத் தள்ளி வைத்து மணக்கவைத்தது.

இரண்டாம் நாள் மாலை மீண்டும் ஒரு துளி பூசிக்கொண்டு டச்சு வளைகுடாக் கரைக்குப் போனேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைப் பக்கம் மணியோசை கேட்டது. காற்று கடலிலிருந்து திரும்பியிருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோகாமலே, ஒவ்வொரு வீச்சிலும் பூ வந்து வந்து போனது. யாரோ ஒருவர் வேறொரு சூடான கடற்கரையில் சிறுவயதில் முகர்ந்ததை நான் இங்கே என் கையில் முகர்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

ஒரு குறிப்பு: என் தோல் வறண்டது, ஐந்து மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. மணமில்லாத வாஸ்லீனை முதலில் மெல்லப் பூசினால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள்.

மச்சாள் அடுத்த வருடம் வரும்போது சின்னப் போத்தலாக ஒன்று கொண்டுவரச் சொல்லி, இப்போதே மாதம் இரண்டு பிளவுஸ் காசை ஒதுக்குகிறேன். குழாயில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. வெயில் படாமல் நூல் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.