விதைக் காணிக்கை என்று 85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 85,000 ரூபாய் போய்விட்டது.

டிவியில் தினமும் காலையில் வரும் ஒரு ஜெப ஊழியம். பெயர் சொல்லவில்லை. என் கணவரின் பைக் ஒர்க்‌ஷாப் கடனில் மூழ்கி, பைனான்ஸ்காரர் எங்கள் வாசலில் வந்து உட்காரத் தொடங்கிய சமயம். அன்றைக்குப் பிரசங்கம் வேதாகமத்தில் வரும் எலிசா தீர்க்கதரிசியையும் கடன்பட்ட ஒரு விதவையையும் பற்றி. கடன் கொடுத்தவன் அவளுடைய பிள்ளைகளை அடிமையாக்க வருகிறான், அவள் வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய்தான். எனக்காகவே பேசுவது போல இருந்தது. அழுதுகொண்டே திரையில் வந்த நம்பருக்குப் போன் பண்ணினேன்.

எடுத்தவர் இருபது நிமிஷம் ஜெபித்தார். என் பெயரையும் என் மகன் பெயரையும் சொல்லிச் சொல்லி ஜெபித்தார், குரல் உடைந்து அவரே அழுதார். கூடப் பிறந்த அண்ணன்கூட எனக்காக அப்படி அழுததில்லை. அங்கேதான் நான் நம்பினேன். முடிந்ததும், "சிஸ்டர், ஆண்டவர் உங்களிடம் ஒரு விதையைக் கேட்கிறார், 40 நாளில் கடன் ரத்து, நூறத்தனையாகத் திரும்பி வரும்" என்றார். முதலில் 10,000 அனுப்பினேன். அப்புறம் 25,000. கடைசியில் "வலிக்கிற மாதிரி கொடுத்தால்தான் அது விதை" என்றார்கள், கல்யாணத்துக்கு அம்மா போட்ட செயினை அடகு வைத்து 50,000. கூரியரில் கட்டைவிரல் அளவு ஜெப எண்ணெய் பாட்டில் வந்தது. ரசீது வரவே இல்லை.

40 நாள் முடிந்தது, கடன் அப்படியே இருக்கிறது. போன் பண்ணினால் பாட்டு ஓடுகிறது, பத்து நிமிஷம் கழித்து ஒரு பெண் எடுத்து "ஜெபத்தில் வைத்திருக்கிறோம் சிஸ்டர்" என்கிறாள். அடுத்த தடவை, உங்கள் விசுவாசம் குறைவு, வீட்டில் ஏதோ தடை இருக்கிறது, அதை உடைக்க இன்னொரு விதை போடுங்கள் என்றார்கள். 85,000 கொடுத்தவளிடம்! பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "தேவனுக்குக் கொடுத்ததையா திரும்பக் கேட்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். இப்போது என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். ஜிபேயில் போய்ப் பார்த்தால் பணம் போனது ஊழியத்தின் பெயருக்கே இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

நாசரேத் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 60 ரூபாய்க்கு எடுத்தாலும் கையோடு ரசீது எழுதித் தருவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் ஐயரம்மாவிடம் (எங்கள் சபைப் போதகரின் மனைவி) போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. வேதாகமத்தைத் திறந்து இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் விரலை வைத்தார்கள். அற்புதமாகப் பெருகிய எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று எலிசா சொல்கிறார். அவளிடம் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கேட்கவில்லை. டிவியில் அந்த வசனத்தை மட்டும் வாசிக்கவில்லை, படுபாவிகள். அடுத்த அதிகாரத்திலேயே எலிசாவால் குஷ்டம் நீங்கிய நாகமானிடம் ஆசைப்பட்டு வெள்ளியும் துணியும் வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம் வருகிறது, அதையும் இவர்கள் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. இந்த விதைப் போதனையைப் பரப்பிய அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ், 1987இல் மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று சொல்லியே காணிக்கை கேட்டாராம். எனக்கு 40 நாள் கெடு வைத்ததும் அதே வழிதான்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தேதி சொல்லி, தொகை சொல்லிக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். தனி ஆள் பெயருக்கு அனுப்பாதீர்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ காணிக்கை கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் பண்ணுங்கள், நான் இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டு இன்றைக்குக் காலையில்தான் பண்ணினேன். செயினுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் வருகிற 18. என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.